புகை போட்டால் நின்றுவிடும்

நான் ஏழாவது வரைதான் படித்தேன். எழுதிப் பழக்கம் இல்லை. கோபம் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

எட்டு கம்ப்யூட்டர் வைத்து கேம் சென்டர் நடத்தினேன். திருவள்ளூரில், காக்களூர் எஸ்டேட்டுக்குப் போகிற ரோட்டில். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஐந்தாறு வருஷத்தில் ஊருக்கு நாலு இப்படிக் கடை முளைத்தது. அதில் என்னுடையது ஒன்று. ஒரு விஜயதசமி அன்று எட்டும் ஒரே காலையில் படுத்துக்கொண்டன. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. கரண்ட் ஏறி இறங்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை நாங்களே எடுத்துவிட்டுப் புதுசு போட்டோம். அதுதான் நடந்தது.

அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் கும்மிடிப்பூண்டியில் ரோலிங் மில். இரும்பை உலையில் சிவக்கவைத்து, உருளைகளுக்கு நடுவே விட்டு, கம்பியாக இழுக்கிற வேலை. எனக்கு உருளைப் பக்கம். சித்திரை வைகாசியில் அங்கே மனுஷன் நிற்க முடியாது. நின்றேன். ஒரு நாள் சிவந்த கம்பி தடம் மாறி வந்து இடது கணுக்காலைச் சுற்றியது. மூன்று மாசம் படுக்கை. எழுந்ததும் வேலையை விட்டுவிட்டேன். கைக்கு வந்ததை எட்டு கம்ப்யூட்டரில் போட்டேன். இனி உலை முகத்தில் விழிப்பதில்லை என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் என் காலைப் பார்த்தாள். சரி என்றாள்.

கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது. அவள் தம்பிக்குத் தெரியும். என் மச்சான். இருபத்தைந்து வயசு. ஆவடியில் டிப்ளமோ படித்தவன். இங்கிலீஷ் படிப்பான். மெஷின் அவன் பொறுப்பு. கல்லாவும் கூட்டமும் சண்டையும் என் பொறுப்பு.

கேம் ஓட வேண்டும் என்றால் பெட்டிக்குள்ளே கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று இருக்க வேண்டும். படம் காட்டுவது அதுதான். அந்தக் கார்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எடுத்துச் சொல்கிற புரோகிராமுக்கு டிரைவர் என்று பேர். மில்லில் இஞ்சினியர் சொல்வதை எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஒரு ஃபோர்மேன் இருப்பார். அந்த ஆள் சரியில்லை என்றால் நல்ல இரும்பும் கோணிக்கொண்டு வரும். அந்த மாதிரி. கார்டு செய்கிற கம்பெனிக்காரன் ஒன்றிரண்டு மாசத்துக்கு ஒரு தடவை புது டிரைவர் விடுவான். முன்னதைவிட இது வேகம் என்பான். ஒவ்வொரு தடவையும் என்பான்.

எங்கள் மெஷினில் கார்டோடு வந்த பழைய டிரைவர் இருந்தது. ஒன்றரை வருஷமாக அதுதான். ஓடியது. நிற்கவில்லை.

அந்த வருஷம் கடை இறங்க ஆரம்பித்தது. ஸ்டேஷன் பக்கம் இன்னொருவன் ஏசி போட்டுத் திறந்தான். காலேஜ் பிள்ளைகள் அங்கே போனார்கள். எனக்கு மிஞ்சியது பாலிடெக்னிக் பிள்ளைகளும் எஸ்டேட் ஷிப்ட் ஆட்களும்தான். பகலில் மூன்று சீட்டு காலி, நாலு சீட்டு காலி. கடையை மூட வேண்டும் என்றால் எனக்குத் தெரிந்த வேறு வேலை ஒன்றே ஒன்றுதான். அது கும்மிடிப்பூண்டியில் இருந்தது.

அப்போதுதான் அந்த சார் வந்தார். காக்களூரில் ஒரு கம்பெனியில் டிரெயினிகளாக வெளியூர்ப் பிள்ளைகள் இருபது பேருக்கு மேல் சேர்த்திருந்தார்கள். அவர்கள் தங்குகிற ஹாஸ்டலுக்கு அவர் சூப்பர்வைசர். கடைக்குள் வந்து எட்டு மெஷினையும் எண்ணிப் பார்த்தார். நாற்காலியை ஆட்டிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம ஆனா இவனுங்க ஸ்டேஷன்ல போயி உக்காந்துகினு வம்ப வாங்கினு வரானுங்க. ஒரே பேஜாரு. ஒரு எடத்துல உக்கார வெக்கணும். இது ஓடுமா?"

"ஓடும் சார்."

"நடுவுல நிக்காதே?"

"நிக்காது சார்."

"விஜயதசமிக்கு லீவு. அன்னிக்கு கூட்டியாறேன். மேட்ச் வெக்கட்டும். சரியா ஓடிச்சின்னா ஒவ்வொரு ஞாயிறும் உங்க கடதான். ஓடலன்னா நா வேற எடம் பாத்துக்கறேன்."

கையைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு வீட்டில் சோறு இறங்கியது. ஞாயிறுக்கு ஞாயிறு இருபது பேர் என்றால் கடை நிற்கும். நான் உலைக்குப் போக வேண்டாம்.

ஆயுத பூஜை வந்தது. மில்லில் அது ஒன்றுதான் எங்களுக்குப் பெரிய நாள். வருஷம் முழுக்க நிற்காத மெஷின் அன்றைக்கு நிற்கும். எல்லாவற்றையும் பிரிப்போம். தேய்ந்த பேரிங்கை எடுத்துப் புதுசு மாட்டுவோம். கிரீஸ் மாற்றுவோம். பெயிண்ட் அடிப்போம். அதில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய பழைய பேரிங்கைச் சம்மட்டியால் அடித்து உடைத்துவிட வேண்டும். விட்டால் எவனாவது அவசரத்துக்கு அதையே எடுத்துத் திரும்ப மாட்டிவிடுவான். அது சுற்றுகிறபோது வெடித்தால் ஆள் காலி. அதனால் உடைப்போம். பிறகு பொட்டு வைப்போம். பொட்டு வைத்த மெஷினை மறுநாள் காலை வரை ஓட்டக் கூடாது. இது சாமி சொன்னதோ ஃபோர்மேன் சொன்னதோ தெரியாது. ஒன்பது வருஷம் அப்படித்தான் செய்தேன். கடையிலும் அப்படித்தான் செய்வேன் என்று சொல்லிவிட்டேன்.

மச்சான் காலையிலேயே ஒரு சீடியோடு வந்தான்.

"மாமா, புது டிரைவர் வந்துகீது. ஒரு வாரமா ராத்திரில டவுன்லோடு போட்டு எட்த்தேன். போட்டுட்லாமா?"

"இப்ப இருக்கறதுக்கு இன்னா?"

"இருக்கறது கெழடு மாமா. இது போட்டா கேம் பறக்கும். நாளைக்கு வர பசங்க ஊர்ல போயி சொல்லுவானுங்க. ஏசி கடக்காரன் மூஞ்சில கரி."

ஒரு மெஷினில் போட்டுக் காட்டினான். கேம் ஓடுகிறபோது திரையின் மூலையில் ஒரு நம்பர் ஓடும். ஒரு நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்கிற கணக்கு அது. நம்பர் கூடினால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும். பழசில் நாற்பதில் கிடந்தது, புதுசில் ஐம்பதைத் தாண்டி நின்றது. அவன் ஒருத்தனாகக் காலி மைதானத்தில் துப்பாக்கியோடு பத்து நிமிஷம் சுற்றினான். சுவரைச் சுட்டான். படி ஏறினான். எனக்கும் கண்ணில் தெரிந்தது. வெண்ணெய் மாதிரி ஓடியது.

எனக்கு அது பிடித்துப்போனது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய். ஆயுத பூஜை அன்றைக்குப் புதுசு மாட்டுவது என் ரத்தத்தில் இருந்தது. போடு என்றேன்.

பழசைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டுத்தான் புதுசைப் போட வேண்டுமாம். இரண்டும் கலந்தால் வம்பாம். அப்படியே எட்டிலும் செய்தான். கம்ப்யூட்டரில் பழைய நிலைமைக்குத் திரும்பிப் போகிற வசதி ஒன்று உண்டு. இடத்தை அடைக்கிறது என்று அதை எப்போதோ நிறுத்தி வைத்திருந்தான். அது எனக்கு மறுநாள்தான் தெரியும்.

அவன் எட்டாவது மெஷினில் இருக்கும்போது, கார்டோடு வந்த பழைய சீடி இரண்டும் மேஜை மேல் கிடந்தன. நான் எடுத்தேன். இரண்டாக ஒடித்தேன். குப்பையில் போட்டேன்.

"மாமா! இன்னா பண்றீங்க?"

"பழசு. எவனாச்சும் திரும்பப் போட்டுடுவான்."

அவன் ஒரு மாதிரி பார்த்தான். சிரித்தான். பிறகு சொன்னான்.

"மாமா, எட்டையும் ஒண்ணா லிங்க் போட்டு ஒரு ஒன் அவர் ஆடிப் பாத்துட்டு பூஜ போட்லாமா? நாலு பேர இட்டுனு வரேன்."

மணி நாலைத் தாண்டியிருந்தது. நாலரைக்கு மேல் நல்ல நேரம் இல்லை. வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. பூசணிக்காய் உடைக்க வேண்டும்.

"காட்டினியே, ஓடிச்சே. அப்பறம் இன்னா? தண்ணி தெளிச்சி பொட்டு வெய்யி."

எட்டுக்கும் சந்தனம், குங்குமம். மானிட்டருக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று. பூ சுற்றினோம். பொரி, கடலை, வாழைப்பழம். கற்பூரம் காட்டினேன். மெயினை அணைத்துப் பூட்டினேன். அவன் ஒரு மணி நேரம் கேட்டான். நான் கொடுக்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு கம்பெனி வேன் வந்தது. இருபத்திரண்டு பேர். மதுரைப் பக்கம் பாதி, வேலூர்ப் பக்கம் பாதி. சார் கடைசியாக இறங்கினார். எல்லாருக்கும் பொரி கொடுத்தேன். நாலு பேருக்கு நாலு பேர் மேட்ச். மற்றவர்கள் பின்னால் நின்று கத்துவது. தோற்ற கூட்டம் எழுந்துகொள்ள வேண்டும், அடுத்த கூட்டம் உட்கார வேண்டும். அவர்களே பேசி வைத்திருந்தார்கள்.

ஆரம்பித்தது. முதல் இரண்டு நிமிஷம் கடையே அதிர்ந்தது. மூலையில் நம்பர் ஐம்பதுக்கு மேல். மச்சான் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான்.

அப்புறம் எட்டுத் திரையும் நின்றன. ஒன்றன் பின் ஒன்றாகக்கூட இல்லை. ஒரே நேரத்தில். படம் அப்படியே உறைந்து கிடந்தது. ஸ்பீக்கரில் ஒரு சத்தம் மட்டும் கிர்ரென்று விடாமல் கேட்டது. பிறகு இரண்டு திரை நீலமாக மாறி வெள்ளை எழுத்து வந்தது.

"அண்ணே, இது கேமா போட்டோவா?" என்றான் ஒரு மதுரைப் பையன்.

"கடை போர்ட மாத்துங்கண்ணே. ஸ்டுடியோன்னு எழுதுங்க."

"நீலக் கலரு ஷோக்கா கீதுடா. எங்க ஊட்டு செவுத்துக்கு அடிக்கலாம்."

சிரித்தார்கள். நானும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டேன். மச்சான் எல்லாவற்றையும் அணைத்துப் போட்டான். மறுபடி ஆரம்பித்தார்கள். நாலு நிமிஷம். மறுபடி நின்றது. மூன்றாவது தடவை ஆறு நிமிஷம். சார் வாட்சைப் பார்த்தார்.

கோளாறு என்ன என்று கண்டுபிடித்தது மச்சான் இல்லை. பின்னால் நின்றுகொண்டிருந்த ஒரு டிரெயினி.

"எவனாவது புகை போட்டா நிக்குதுண்ணே."

அந்த ஆட்டத்தில் புகைக் குண்டு என்று ஒன்று உண்டு. எறிந்தால் சாம்பல் நிறத்தில் புகை கிளம்பும். அதில் மறைந்துகொண்டு ஓடலாம். அந்தப் புகையைப் பார்த்த திரை எல்லாம் நின்றது. முதல் நாள் மச்சான் ஒருத்தனாகச் சுற்றினான். யாருக்கு மறைந்து ஓடப் போகிறான்? அவன் ஒரு புகைக் குண்டுகூட எறியவில்லை.

மச்சான் சொன்னான், "தம்பி, புகை மட்டும் போடாம ஆடுங்க."

கடையே ஓவென்று கத்தியது.

"புகை போடாம எப்புடிண்ணே? தீவாளிக்கு வெடி வெடிக்காதேங்குறீங்க."

"சோறு போடுவாங்களாம், கொழம்பு ஊத்த மாட்டாங்களாம்."

ஒருத்தன் வேண்டுமென்றே போட்டான். எட்டும் நின்றன. கை தட்டினார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

மச்சானைப் பின்னால் இழுத்துப் போனேன். பழசைப் போடு என்றேன்.

"எத்த போடறது மாமா? சீடியதான் ஒடிச்சிட்டீங்களே."

குப்பையும் முனிசிபாலிட்டி வண்டியில் போய்விட்டது. இருந்தாலும் ஒடிந்த சீடியை என்ன செய்வது. இன்டர்நெட்டில் எடு என்றேன். ராத்திரி மழையில் கடை போன் லைன் செத்துக் கிடந்தது. சென்னையில் எங்களுக்கு கார்டு கொடுத்த கடைக்கு ஒரு ரூபாய் போனிலிருந்து அடித்தேன். எடுக்கவில்லை. பூஜை லீவு. திருவள்ளூரில் இருந்த மற்ற கடைக்காரனும் பொட்டு வைத்துப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தான். ஏசி கடையில் கேட்டேன். அவன் கார்டு வேறு கம்பெனி.

அப்போது செவ்வாப்பேட்டை பாய் ஞாபகம் வந்தார். பழவேற்காட்டுக்காரர். குடும்பமே இறால் வியாபாரம். அவர் மட்டும் இங்கே வந்து ஆறு மெஷின் வைத்திருந்தார். நானும் அவரும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே கார்டு வாங்கினோம். மில்லில் இருந்தவன் என்று என்னை மேஸ்திரி என்பார்.

சாரிடம் போய் நின்றேன்.

"சார், ஒரு ஒன் அவர் குடுங்க. செவ்வாப்பேட்டைல ஒருத்தர்கிட்ட இதே மெஷினு, இதே கார்டு. பழைய டிரைவர்தான் வெச்சிகீறாரு. அங்க கோளாறே கெடையாது. அத்த வாங்கியாந்து போட்டா சரியாப்பூடும்."

"அங்க ஓடுதா?"

"ஓடுது சார்."

"சரி, போய்ட்டு வாங்க."

இதைவிட முட்டாள்தனமாக ஒரு மனுஷன் பேச முடியாது. பேசும்போது தெரியவில்லை.

ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன். லீவு நாள், வண்டி லேட். பாய் கடைக்குப் போகும்போது பதினொன்றரை தாண்டிவிட்டது. மெஷினில் நாலைந்து பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். பாய் வாசலில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மேஸ்திரி, பொரி எட்த்துகினு வந்தியா?"

"ஒரு சீடி வேணும் பாய். பழைய டிரைவர்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"புதுசு போட்டியா?"

"ஆமா."

"எட்டுலயுமா?"

"ஆமா."

"ஒரே நாள்லயா? யா அல்லா. ஒண்ணுல போட்டு ஒரு மாசம் உட்டுப் பாக்கறதுதான மேஸ்திரி?"

"குடுக்கறியா, இல்லியா?"

"இரு. நாஷ்டா துன்னியா, இல்ல கோவத்தையே துன்னுகினு வந்தியா? குந்து."

உட்காரவில்லை. அவர் விடவில்லை.

"போன வாரம் உன் மச்சான் போன்ல இன்னா சொன்னான் தெரியுமா? பாய், உங்க கடையில ஆடறது மாட்டு வண்டில போற மாதிரி கீதுன்னான்."

"அவன் வாயி அப்டி."

"அந்த மாட்டு வண்டி எங்கியாச்சும் நின்னுச்சான்னு கேட்டியா அவன?"

அவர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டு வந்தார். அதில் சீடி எல்லாம் காகித உறையில். உறை மேல் பேனாவில் எழுதியிருந்தார். ஒன்றில் 'ஓடுது'. ஒன்றில் 'ஓடல'. ஒன்றில் 'பாக்கணும்'. எனக்கே படிக்க முடிந்தது.

"பழைய சீடி உன்கிட்டயே ரெண்டு இருக்குமே. அது இன்னாச்சி?"

"ஒடிச்சிட்டேன்."

"ஒடிச்சியா? ஏன்?"

பேரிங் கதையை அவரிடம் எப்படிச் சொல்வது.

"புது வல வாங்கினாகூட பழைய வல படகுல கெடக்கும் மேஸ்திரி. எங்க ஊர்ல வந்து கேளு."

எனக்கு வலை வேண்டாம், சீடி வேண்டும் என்று கையை நீட்டினேன். 'ஓடுது' என்று எழுதிய உறையைக் கொடுத்தார். காப்பி போட்டுத் தர அவரிடம் ரைட்டர் இல்லை. அது ஒன்றுதான் இருக்கிறது, சாயந்தரத்துக்குள் திருப்பிக் கொடு என்றார். நல்லபடியாகத்தான் கொடுத்தார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

திரும்பி வந்தபோது மணி ஒன்று. கடை வாசலில் வேன் இல்லை. உள்ளே எட்டு நாற்காலியும் காலி. தரையில் பொரி மிதிபட்டுக் கிடந்தது. மச்சான் ஒருத்தன்தான்.

"எங்கடா?"

"போய்ட்டாங்க மாமா."

"எங்க போனாங்க?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"செவ்வாப்பேட்டைக்கு. நீங்கதான சொன்னீங்க, அங்க இதே மெஷினு, கோளாறே இல்லன்னு. சார் கேட்டாரு, எந்தப் பக்கம் அந்தக் கடைன்னு. நா ஸ்டேஷன் எதிர்லன்னு சொன்னேன்."

நான் ரயிலில் வந்தேன். அவர்கள் ரோட்டில் போனார்கள். பார்க்கவே இல்லை.

கையில் சீடி இருந்தது. அதை அவன் மேல் எறிந்திருப்பேன். அடுத்தவன் சீடி. மேஜையில் வைத்தேன். போடு என்றேன்.

எட்டு மெஷினுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. புதுசைத் துடைத்து எடு, அணை, போடு, பழசை ஏற்று, அணை, போடு. முடிந்ததும் அவன் ஆட்டத்தைத் திறந்தான். புகைக் குண்டு எறிந்தான். நிற்கவில்லை. இன்னொன்று எறிந்தான். பத்து, பதினைந்து எறிந்தான். காலிக் கடையில் எட்டுத் திரையிலும் புகை. நம்பர் நாற்பது. ஒன்றும் நிற்கவில்லை. யாரும் இல்லை.

அப்போதுதான் அவன் அதைத் திறந்தான். புது டிரைவர் வருகிறபோது கூடவே ஒரு குறிப்பு வரும். அதில் என்ன மாற்றினோம், எது வேகமாச்சு என்று கம்பெனிக்காரன் எழுதியிருப்பான். மச்சான் அதைக் கீழே தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தான். ஒரு இடத்தில் கை நின்றது. மூடப் போனான்.

"மூடாத. இன்னா போட்டுகீது?"

"ஒண்ணும் இல்ல மாமா."

"படி."

படித்தான். தமிழில் சொன்னான். கம்பெனிக்குத் தெரிந்த கோளாறுகள் என்று ஒரு பட்டியல். எங்கள் கார்டின் பேர் போட்டிருந்தது. இந்தக் கார்டில், சில ஆட்டங்களில், புகை வருகிற இடத்தில் கம்ப்யூட்டர் நின்றுபோகலாம் என்று இருந்தது.

நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"இது நேத்தே இதுல இருந்துச்சா?"

"இருந்துச்சி மாமா."

"எத்தினி பக்கம் அது?"

"முப்பது இருக்கும்."

"நீ எத்தினி படிச்ச?"

"மொதப் பக்கம்."

"அதுல இன்னா இருந்துச்சி?"

"ஸ்பீடு."

ஓடாது என்று தெரிந்தே ஒருத்தன் விட்டிருக்கிறான். வேகத்தை முதல் பக்கத்தில் பெரிசாகப் போட்டிருக்கிறான். நின்றுபோகும் என்பதைக் கடைசியில் பொடியாகப் போட்டிருக்கிறான். மில்லில் பேரிங்கில் கீறல் இருப்பது தெரிந்தே மாட்டினால் போலீஸ் வரும். இவன்களுக்கு யாரும் வர மாட்டார்கள். அவனைப் போய் நான் எங்கே சட்டையைப் பிடிப்பது? எனக்கு எதிரில் இருந்தது மச்சான்தான்.

"எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாது. உனக்குத் தெரியும். தெரிஞ்சவன் படிக்கலன்னா உன்ன எதுக்குடா நான் வெச்சிகினு கீறேன்?"

அவனுக்கும் ஏறிவிட்டது. எழுந்தான்.

"நா ஒன் அவர் கேட்டேன் இல்ல? நாலு பேர இட்டுனு வந்து ஆடிப் பாக்கறேன்னு சொன்னேன் இல்ல? பொட்டு வெய்யின்னது யாரு? சீடிய ஒடிச்சது யாரு? செவ்வாப்பேட்டைல ஓடுதுன்னு சொன்னது யாரு? எல்லாம் நானா?"

அது உண்மை. உண்மை என்பதால் கோபம் குறையவில்லை. கூடியது. கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட அதோடு போயிருக்கும். வாயால் சொன்னேன். அவன் அக்காவைக் கட்டிய பாவத்துக்கு அவனையும் சேர்த்துச் சுமக்கிறேன் என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான்.

சீடியை எடுத்துக்கொண்டு செவ்வாப்பேட்டைக்குப் போனேன். ஐந்து மணி. வாசலில் வேன் நின்றது. உள்ளே ஆறு சீட்டில் ஆறு பேர். மற்றவர்கள் நின்றுகொண்டு, சுவரில் சாய்ந்துகொண்டு, வாசல் வரைக்கும். மூச்சு விட இடம் இல்லை. சார் பாயின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாய் என்னைப் பார்த்ததும் வெளியே வந்தார்.

"நா கூப்டல மேஸ்திரி. அவங்களா வந்தாங்க."

"தெரியும். நாந்தான் வழி சொன்னேன்."

சீடியைக் கொடுத்தேன். சார் பக்கம் போனேன்.

"சார், சரியாப்பூடுச்சி. எட்டும் ஓடுது. நிக்கறவங்கள அனுப்புங்க. எட்டு சீட்டு காலியா கீது."

"காலைல வரதுக்கு முன்னாடிகூட ஓடும்னுதான சொன்னீங்க?"

"இப்ப பழசு போட்டாச்சி சார்."

"நாளைக்கே இன்னொரு புதுசு வந்தா?"

"போட மாட்டேன்."

"உங்க ஆளு போடுவாரு."

உள்ளே இருந்து ஒரு பையன் என்னைப் பார்த்துவிட்டான்.

"டேய், ஸ்டுடியோ அண்ணன் வந்துருக்காருடா! அண்ணே, இங்கிட்டு பாருங்க."

புகைக் குண்டு போட்டான். ஆறு திரையிலும் சாம்பல் நிறத்தில் கிளம்பி மெதுவாகப் பரவியது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் நிற்கவில்லை. கை தட்டினார்கள். பாய் சும்மா இருங்கப்பா என்றார். சார் டீயைக் குடித்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"அடுத்த ஞாயிறு பாக்கலாம்," என்றார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு திறந்து வைத்துக் காத்திருந்தேன். அதற்கடுத்த ஞாயிறும். வேன் என் கடையைத் தாண்டித்தான் போகும். போனது. ஒருத்தன் ஜன்னலில் கையை ஆட்டினான்.

கார்த்திகையில் கம்பெனிக்காரன் இன்னொரு டிரைவர் விட்டான். சில கம்ப்யூட்டர்களில் ஆட்டம் நின்றுபோகிற கோளாறு சரிசெய்யப்பட்டது என்று அதில் ஒரு வரி இருந்ததாம். சில கம்ப்யூட்டர்கள். ஒரே வரி. வேலையைக் கெடுத்துவிட்டோம் என்று ஒரு வார்த்தை கிடையாது.

தை மாசம் கடையைக் காலி செய்தேன். பாய் பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்துப் பெரிசாக்கிக்கொண்டிருந்தார். எட்டு மெஷினையும் அவரே வாங்கிக்கொண்டார். மெஷின் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டார். மச்சான் மெஷினோடு போனான். மாட்டு வண்டி என்று சொன்ன கடைக்கே போனான்.

நான் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். அதே மில். அதே உருளைப் பக்கம். வயசு மட்டும் கூட. வீட்டுக்காரி காலையில் ஐந்துக்கு எழுந்து சோறு கட்டிக் கொடுத்தாள். கணுக்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டு போவேன்.

மச்சான் இப்போது புது டிரைவர் வந்தால் குறிப்பு முழுக்கப் படிக்கிறானாம். ஒரு மெஷினில் மட்டும் போட்டு, பாயிடம் கேட்டு, ஒரு மாசம் பார்த்துவிட்டுத்தான் மற்றதில் போடுகிறானாம். அவன் அக்கா சொன்னாள். பெருமையாகச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து அவனுக்குக் கல்யாணம். ஊத்துக்கோட்டையில் பெண். போனேன். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவன் மாலையோடு இறங்கி வந்து என் காலில் விழுந்தான். எழுந்திரு என்றேன். முதல் ஷிப்ட் இருந்தது, பஸ் ஏறிவிட்டேன்.